சந்தியோகுமையார் ஊருக்குப் போன நாள்

புதிதாக உபதேசியார் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, செபம் சொல்லிக் கொடுப்பது, ஞாயிறு வழிபாடு நடத்துவது, ஞானஸ்நானத்துக்கு ஆட்களை ஆயத்தப்படுத்துவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதற்குள் நான் மூக்கை நுழைக்கவில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்கு ஒரேயொரு சொல்லைப் பற்றித்தான் பயம் இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்தச் சொல் 'போதும்'.

அடுத்தவனைப் பார்த்து அதைச் சொல்வது மிகவும் இலேசு. வீடில்லாதவனிடமும் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமும் "ஆண்டவர் தந்தது போதும் என்று இருங்கோ" என்று சொல்லிவிட்டு, அவர்கள் தருகிற தேத்தண்ணீரையும் குடித்துவிட்டு வந்துவிடலாம். அவர்களும் தலையாட்டுவார்கள். எங்கள் சனம் உபதேசியாரை எதிர்த்துக் கதைக்காது. அவர்கள் தலையாட்டுவதைப் பார்த்து நாங்கள் மனநிறைவைக் கற்றுக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

போர் முடிந்த காலத்தில் நான் கற்பிட்டிப் பக்கம், கடலேரிக் களப்போரமாக இருந்த ஒரு சின்னக் கோயிலில் வேலை செய்தேன். சீமெந்துத் தரையும் தகரக் கூரையும் கிடுகு வேலியும்தான் கோயில். சுற்றியிருந்தவர்கள் மன்னார்ப் பக்கத்துக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீன்பிடிக் குடும்பங்கள். வரும்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இங்கேயே கல்யாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் எந்த ஊர் என்று கேட்டால் விட்டுவந்த ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். பங்குச் சுவாமி தூரத்தில் பெரிய கோயிலில் இருந்தார். பூசைக்கு அவர் எப்போதாவது ஒரு ஞாயிறு வருவார். மற்ற நாளெல்லாம் அந்தச் சனத்துக்கு நான்தான். எனக்குச் சொந்த ஊர் சிலாபம். நான் எதையும் விட்டுவிட்டு ஓடி வந்தவன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

அந்தப் பங்குச் சுவாமியிடம்தான் நான் இந்த வேலையைப் படித்தேன். அதிகம் பேசாத மனிதர். பேசினால் பாதி ஏச்சாக இருக்கும். ஒரு தவக்காலத்தில் அவர் எனக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லித் தந்தார். கிடைத்ததற்கு நன்றி சொல்வது எல்லோருக்கும் வரும், அது போதாது என்றார். பின்னேரச் செபத்தின் முடிவில் கையைப் பொத்திப் பிடிக்க வேண்டும். வேண்டும் என்று நினைத்து, கிடைக்காமல் போன ஒன்றை ஆண்டவருக்குப் பெயர் சொல்ல வேண்டும். பிறகு கையை விரிக்க வேண்டும். அவ்வளவுதான். "இண்டைக்கு விரிப்பாய், நாளைக்குத் திரும்பப் பொத்துவாய். அதுக்காகத்தான் ஒவ்வொரு நாளும்" என்றார்.

இதை நான் எங்கள் சனத்துக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் எல்லோருக்கும் வெட்கம். பிறகு பழகிவிட்டது. "எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி" என்பாள் ஒருத்தி. "முத்தத்து வேப்பமரம்" என்பான் ஒருவன். "என்ர மனிசி ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு இருக்கிறது" என்று ஒரு கிழவர் சொல்லி, கோயில் முழுக்கச் சிரித்தது. அவர் மனைவியும் சிரித்தாள், ஆனால் வீட்டுக்குப் போனதும் அவருக்கு நல்ல பூசை விழுந்தது. சிரிப்பும் கண்ணீருமாக அந்தக் கைகள் விரிவதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

விரியாத கை ஒன்று இருந்தது. அது ரெஜினாவின் கை.

ரெஜினா அந்த ஊர்க்காரி இல்லை. உடப்பு என்ற ஊரில் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். இடம்பெயர்ந்து வந்தவர்களில் ஒருவனை விரும்பி, ஞானஸ்நானம் பெற்று, அவனைக் கட்டிக்கொண்டு களப்போரத்துக்கு வந்தவள். போர் முடிவதற்குச் சற்று முன்னால், சோளகக் காற்றுக் காலத்தில், அவளுடைய கணவனும் ஒரே மகனும் கடலுக்குப் போனார்கள். போருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காற்றடித்துப் படகு கவிழ்ந்தது. மகனின் உடம்பு கரைக்கு வந்தது, எங்கள் சவக்காலையில் அடக்கம் செய்தோம். கணவனின் உடம்பு வரவேயில்லை.

அன்றிலிருந்து அவள் காலையிலும் பின்னேரத்திலும் கோயிலில்தான். கூட்டுவாள், விளக்கைத் துடைப்பாள், பிறகு புனித சந்தியோகுமையாரின் சுருபத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ கதைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்ன கேட்கிறாள் என்று விசாரித்தேன்.

"மனிசன் உயிரோட வரோணும் எண்டு கேக்கேல்லை, உபதேசியார். எனக்கு விளங்கும். உடம்பாவது வரட்டும், பிள்ளைக்குப் பக்கத்தில கிடத்திவிடுறன் எண்டுதான் கேக்கிறன்."

"மாதாவிடமும் கேளுங்கோ" என்றேன், வேறு சொல்லத் தெரியாமல்.

"மாதாவோட எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. இவரோடதான் கதைச்சுப் பழகிட்டன்."

அந்தச் சுருபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக் குதிரைமேல் வாளோடு இருக்கும் மரச் சுருபம் அது. குதிரைக்கு ஒரு காது இல்லை. ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளில் படகில் இடம் போதவில்லையாம். மரியதாஸ் என்பவர், பிறகு அந்தச் சனத்துக்கு மூப்பராக இருந்தவர், தன் வலைகளைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டுச் சந்தியோகுமையாரை ஏற்றினார். மீன்பிடிக்கிறவன் வலையைக் கடலில் போடுவதென்றால் என்ன என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இங்கே வந்து பல வருடம் அவர் அடுத்தவனின் வலையைத்தான் இழுத்தார். ரெஜினாவின் கணவன் அவருடைய சொந்தத் தம்பி.

போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம் என்று செய்தி வந்தது. இளசுகளுக்கு அரை மனம். பெரியவர்கள் அன்றைக்கே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். சிலர் இங்கேயே தொழில் அமைந்துவிட்டதால் நின்றார்கள். ரெஜினாவும் நின்றாள். "பிள்ளையை விட்டிட்டு எங்க போறது?" என்பதுதான் அவள் சொன்ன ஒரே காரணம்.

லொறி வந்த நாள் காலையில் நான் கோயிலுக்குப் போனபோது சாமான்கள் பாதி ஏறிவிட்டன. அலுமாரி, கதிரைகள், கோழிக்கூடு, கட்டிய பாய்கள். லொறிக்காரர் ரஹீம் நானா இப்போது புத்தளத்து ஆள். அவரும், முஸ்லிம்களை விரட்டிய காலத்தில், மன்னாரிலிருந்து வந்தவர். மரியதாஸும் இன்னும் சில ஆண்களும் கோயிலுக்குள் நின்றார்கள். சுருபத்தைச் சுற்றக் கம்பளியும் கயிறும் கொண்டுவந்திருந்தார்கள். பீடத்துக்கும் அவர்களுக்கும் இடையில் ரெஜினா நின்றாள். அதுவரைக்கும் சுருபம் போகும் என்றோ போகாது என்றோ யாரும் வாய்திறந்து கேட்டிருக்கவில்லை. போகிறவர்கள் அது தங்களுடையது என்று நினைத்தார்கள், நிற்கிறவர்கள் அது கோயிலுடையது என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் கேட்கப் பயந்திருக்க வேண்டும்.

"இது எங்கட ஊர்ச் சுருபம், ரெஜினா. எங்கட பூட்டன்மார் வைச்சது. நீ இடையில வந்தனி" என்றார் மரியதாஸ்.

"ஓம் அத்தான், இடையிலதான் வந்தனான். உங்கட தம்பியும் இங்கதான் போனவர். அவர் வருமட்டும் நான் ஆரிட்டக் கேக்கிறது?"

"அவன் எனக்கும் தம்பிதான்." மரியதாஸின் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்கத்தானோ என்னவோ, அடுத்ததைக் கொஞ்சம் உரத்துச் சொன்னார். "உபதேசியார் எல்லாருக்கும் படிப்பிச்சவர்தானே? கையை விரி. ஆண்டவர் தந்தது போதும் எண்டு இரு."

பின்னால் நின்றவர்கள் "ஓம், ஓம்" என்றார்கள். என் வாயிலிருந்து போன சொற்கள்தான், ஒன்றும் மாறவில்லை.

ரெஜினா கத்தவில்லை. "என்ர கையை நான்தான் விரிக்கோணும், அத்தான். நீங்க வந்து விரலைப் பிரிக்கப்படாது" என்றாள்.

சொல்லுக்குப் பதில் இல்லாதபோது ஆண்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுருபத்தில் கை வைத்தான். நிற்கிற குடும்பத்து இளைஞன் ஒருவன் வந்து அவன் சட்டையைப் பிடித்தான். நான் இடையில் புகுந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். போகும்வரை கத்தினேன். ரெஜினாவை மட்டும் உள்ளே இருக்கவிட்டேன்.

வெளியே வெயில் ஏறிவிட்டது. லொறியில் ஏறியிருந்த குழந்தைகள் அழத் தொடங்கின. பொழுது சாயுமுன் போய்ச் சேராவிட்டால் வழியிலுள்ள சோதனைச் சாவடியில் மறித்து வைத்துக்கொள்வார்கள் என்று எல்லோருக்கும் அவசரம். நான் சுவாமிக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க வந்து ஒரு முடிவு சொல்லுங்கோ, சுவாமி" என்றேன்.

"நான் வர மத்தியானம் ஆகும். அதுக்குள்ள அங்க இரத்தம் வந்திடும். நீ நிக்கிறாய், நீயே பார்."

"யாருக்குக் குடுத்தாலும் மற்றவருக்கு நோகுமே."

"நோகும். நோகாத முடிவு ஒண்டைத் தேடிக்கொண்டு நிக்காதை. முடிவைச் சொல்லிப்போட்டு, ஆருக்கு நோகுதோ அவரோட போய் நில்."

போனை வைத்துவிட்டார். ஏச்சில்லாமல் அவர் எனக்குச் சொன்ன ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று.

நான் லொறியின் பக்கத்தில் நின்று யோசித்தேன். ரஹீம் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். இவ்வளவு நேரமும் 'கெதியா, கெதியா' என்று அவசரப்படுத்திக் கத்திக்கொண்டிருந்தவர் தணிந்த குரலில் கேட்டார்.

"என்ன செலைக்கா சண்ட?"

"ஓம் நானா. ஊரிலயிருந்து கொண்டுவந்தது. திரும்பக் கொண்டு போகப் போகினம்."

"நாங்க வெளிக்கிட்ட நேரம் ஒண்டும் கொண்டு வர உடல்ல. வாப்பா பள்ளிவாசல்ல செருப்பக் கூட உட்டுட்டு வந்தாரு. கொண்டு போக ஒரு சாமான் இரிக்கே இவங்களுக்கு." லொறியின் பக்கப் பலகையைத் தட்டிக்கொண்டே சொன்னார். "பேசி முடிங்க. நான் நிக்கிறன்."

எனக்கு முன்னால் ஒரு குறுக்குவழி இருந்தது, பிள்ளைகளே. அதை மறைக்க மாட்டேன். நான் உள்ளே போய், "ரெஜினா, ஆண்டவருக்காக விட்டுக்கொடுங்கோ, அவர் உங்களுக்கு வேறு விதத்தில் ஆறுதல் தருவார்" என்று சொல்லியிருந்தால் அவள் விட்டுக்கொடுத்திருப்பாள். அந்தக் கை விரிப்பதைத் தவிர நான் சொன்ன எதையும் அவள் தட்டியதில்லை. சண்டை முடிந்திருக்கும், எல்லோரும் அவளைப் புகழ்ந்திருப்பார்கள். அவளும் வாய் திறந்து 'போதும்' என்று சொல்லியிருப்பாள். ஆனால் அது என்னுடைய 'போதும்', அவளுடையது இல்லை. அதற்குப் பிறகு அவள் அழக்கூட முடியாமல் போயிருக்கும். அழுதால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவாள்.

சுருபம் ஊருக்குப் போகட்டும் என்றுதான் நான் முடிவு செய்தேன். அது ஒரு ஊரின் சுருபம். அந்த ஊர் திரும்ப எழும்பப் போகிறது. அதற்காக ஒருவர் தன் பிழைப்பையே கடலில் எறிந்திருக்கிறார். இதெல்லாம் நியாயம். ஆனால் அந்த நியாயம் ரெஜினாவுக்கு ஒரு சதத்துக்கும் உதவாது என்பதும் எனக்குத் தெரியும். முடிவு சரியா பிழையா என்று இன்றுவரை நான் என்னையே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"சுருபம் போகப்போகுது, ரெஜினா. இந்த முடிவு என்னுடையது. இது உங்களுக்கு நட்டம். நல்லதுக்குத்தான் என்று நான் சொல்ல மாட்டன்."

அவள் சுருபத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"நான் குடுக்கேல்லை, உபதேசியார்" என்றாள். "நீங்கள்தான் எடுக்கிறியள். அது அப்பிடியே இருக்கட்டும். நான் குடுத்தனான் எண்டு ஒருத்தரும் கதைக்கப்படாது."

"கதைக்க விடமாட்டன்."

மரியதாஸ் வந்து சுருபத்தைத் தூக்கினார். அவர் அழுதுகொண்டு தூக்கினார். "மன்னிச்சுக்கொள்ளு, பிள்ளை" என்றார். லொறி போகும்போது எல்லோரும் வெளியே நின்று கையசைத்தார்கள். நான் போகவில்லை. சுவாமி சொன்னபடி நோகிறவளோடு இருந்தேன். இருந்தேனே தவிர, அவளுக்கு அதனால் ஒரு குண்டுமணி அளவு ஆறுதலும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. மனுசர் பக்கத்தில் இருந்தால் துக்கம் பாதியாகும் என்று சொல்வார்களே, அன்று அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் அவள் கோயிலுக்கு வரவில்லை. நான் கூப்பிடவுமில்லை. வீதியில் கண்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். நின்ற குடும்பங்களுக்குக் கோயிலே வெறிச்சோடிப் போய்விட்டது. பீடத்தில் சுருபம் இருந்த இடத்தில் நிறம் மங்காத அடையாளம் ஒன்று தெரிந்தது. பின்னேரச் செபத்துக்குச் சில பேர்தான் வருவார்கள். அந்தக் கையைப் பொத்தும் பழக்கத்தை நானாகவே நிறுத்திவிட்டேன். எந்த முகத்தோடு சொல்வது?

பிறகு ஒருநாள் காலையில் அவள் வந்து கூட்டினாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாளும் வந்தாள். வெறும் பீடத்துக்கு முன்னால் இருப்பாள், ஆனால் வாய் அசையாது.

எங்கள் கோயில் வெறுமையாக இருக்கிறதென்று கேள்விப்பட்டுச் சிலாபத்தில் வசதியான ஒருவர், நேர்த்திக்கடனாம், புதுச் சுருபம் ஒன்று செய்வித்து அனுப்பினார். அதே குதிரை, அதே வாள், பளபளவென்று பெயின்ற். அவரே வாகனத்தில் கொண்டுவந்து இறக்கினார், கூடவே படம் எடுக்க ஒருவர். நின்ற சனத்துக்குப் பெரிய சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், ரெஜினாவுக்கு இது ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இத்தனைக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

அவள் விளக்குமாற்றோடு கோயில் வாசலில் நின்றாள்.

"வேண்டாம், உபதேசியார்."

"ஏன் ரெஜினா? சந்தியோகுமையார்தானே?"

"இந்த இடத்தில இன்னொண்டை வைச்சா, போனது போகேல்லை எண்டு நான் நடிக்கோணும். வெறுமையா இருந்தாத்தான் என்னால இதுக்குள்ள இருக்க ஏலும். இப்பதான் பழகுறன்."

கொண்டுவந்தவர் ஒரு பக்கம் வியர்த்துக்கொண்டு நிற்கிறார். சனம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மனநிறைவு என்றால் ஓட்டையை அடைப்பது என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் ஆண்டவர் என்று ஒரு நல்ல வார்த்தை. இவள் ஓட்டையை அடைக்காமல் அதற்குள்ளேயே குடியிருக்கப் பார்க்கிறாள். எவ்வளவு கஷ்டமான வேலை அது! அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெரியவரிடம் சுருபத்தைத் திரும்பக் கொண்டு போகச் சொன்னேன். எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. சனமும் என்மேல் கோபப்பட்டது. ஒரு பெண்ணுக்காகக் கோயிலுக்கு வந்த சுருபத்தைத் திருப்பி அனுப்பினார் என்று கதை பரவியது. பரவிய விதம் நல்லதாக இல்லை.

சுவாமி என்னைக் கூப்பிட்டார். கதிரையில் இருக்கச் சொன்னார், அதுவே கெட்ட அறிகுறி.

"நீ செய்தது பிழையில்லை" என்றார். "ஆனா உன்னை அங்க வைச்சிருக்க என்னால ஏலாது."

எனக்கு அந்தக் கரையை விட்டுப் போக விருப்பமில்லை. வயதும் ஆகிக்கொண்டிருந்தது, கடைசிவரை அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். சுவாமியோடு வாதாடினேன், கோபித்தேன், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தேன். ஊருக்கெல்லாம் கை விரிக்கச் சொல்லிக் கொடுத்தவனுக்கு ஒரு இடமாற்றத்தைத் தாங்க முடியவில்லை. வண்ணாத்திவில்லுப் பக்கம் போகச் சொன்னார்கள். கடலே தெரியாத இடம். அங்கே இருந்துதான் ஓய்வு பெற்றேன். அந்த மாற்றத்துக்கு நான் இன்னும் மனம் விட்டு 'போதும்' சொல்லவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

போகிற நாளில் ரெஜினா கோயிலில்தான் இருந்தாள்.

"நீங்களும் போறியள்" என்றாள்.

"ஓம். என்ர இடத்துக்கு வேற ஆள் வருவார். நல்ல மனிசன் எண்டு சொல்லினம்."

"நல்ல மனிசர்தான் வந்து கனக்கக் கதைக்கிறது." முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது. "அவரிட்டச் சொல்லிப்போட்டுப் போங்கோ. எனக்கு ஆறுதல் சொல்ல வேணாம். புதுச் சுருபமும் வேணாம். மனிசன்ர உடம்பைக் கேக்கிறதையும் நான் விட்டிட்டன், அதுக்காக என்னைப் புகழவும் வேணாம். காலமை நேரத்துக்குக் கதவைத் திறந்து விட்டாச் சரி. எனக்கு அது போதும்."

அடுத்து வந்தவரிடம் சொன்னேன். அவருக்கு அடுத்து வந்தவரிடமும் ஆள்விட்டுச் சொல்லுவித்தேன். உங்களில் ஒருவரை இந்த மாதம் அங்கே அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யார் என்று தெரியாததால் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். விடிந்ததும் வந்துவிடுவாள், அவளை வாசலில் காக்க வைக்காதீர்கள்.